நெடுஞ்சாலை 400இல் வடக்கே இரண்டு மணி நேரம்: ஒன்ராறியோவின் பிரெஞ்சு நாட்டுப்புறத்தில் ஒரு நாள்

மிசிசாகாவில் நாலாம் வகுப்புப் படிக்கும் எந்தத் தமிழ்ப் பிள்ளையைக் கேட்டாலும் "போன்ஜூர்" சொல்லும். கிழமைகளின் பெயரைப் பிரெஞ்சில் ஒப்பிக்கும். ஒன்ராறியோவின் ஆங்கிலப் பள்ளிகளில் நாலாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பிரெஞ்சு கட்டாயப் பாடம். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் பெறவும் அதில் ஒரு பாடமாவது தேற வேண்டும். பிள்ளையை முழுநேரப் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிட ஓடித் திரியும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அந்த மொழியை வீட்டிலும் கடையிலும் தோட்டத்திலும் பேசுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், பிள்ளை கியூபெக் என்று சொல்லும். பெரியவர்கள் பாரிஸ் என்பார்கள். பாரிசின் லா சப்பேலில் சித்தப்பாவோ மாமியோ இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மிசிசாகாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் வடக்கே, ஜோர்ஜியன் வளைகுடாக் கரையில், ஏறத்தாழ 200 ஆண்டுகளாகப் பிரெஞ்சு பேசிவரும் ஊர்கள் இருக்கின்றன. வெள்ளைக்காரர் ஒன்ராறியோவில் கட்டிய முதல் குடியிருப்பு அங்கேதான். உருளைக்கிழங்குத் தோட்டம், வைக்கோல் சுருள், வெள்ளிக் கூம்புக் கோயில், பிரெஞ்சுப் பள்ளி, மேப்பிள் தோப்பு என்று ஒரு நாட்டுப்புறத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு. விடியற்காலை புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு வீடு திரும்பிவிடலாம்.

உறவினர் வந்தால் நயாகரா, பிள்ளைகள் கேட்டால் வொண்டர்லாண்ட் என்று நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்த வரிசையில் இந்தப் பயணமும் சேர வேண்டும். பார்க்கவும் சாப்பிடவும் நிறைய இருக்கிறது என்பது ஒரு காரணம். சிறுபான்மையாக வாழ்ந்தபடியே தாய்மொழியைக் காப்பாற்றிய மக்களை நேரில் காணலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கறுப்பு மண் கடந்து

காலை ஏழு மணிக்குப் புறப்படுவது நல்லது. கோடைச் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவே கொட்டேஜுக்குக் கிளம்பிவிடும். ஒன்பது மணிக்குமேல் 400இல் வண்டி நகராது.

கிங் நகர்ப்பக்கம் மேடும் பள்ளமுமாய்ப் போகும் சாலை, பிராட்போர்ட் அருகே திடீரென்று தட்டையாகும். இரண்டு பக்கமும் கரிக்கட்டைபோல் கறுத்த மண். இதுதான் ஹொலண்ட் மார்ஷ். 1925இல் தொடங்கிய வேலையில் சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, நீரை வடித்து எடுத்த விளைநிலம் இது. நம் கடைகளில் வாங்கும் கரட்டிலும் வெங்காயத்திலும் பெரும்பங்கு இந்த மண்ணில் விளைந்தது. காரை ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும். மற்றவர்கள் இந்த மூன்று நிமிடமாவது கைபேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்க்கலாம்.

பாரி நகரம் தாண்டியதும் 93ஆம் இலக்க நெடுஞ்சாலைக்குத் திரும்ப வேண்டும். பெனட்டாங்குஷீன் சாலை என்ற பழைய பாதையைப் பெரும்பாலும் ஒட்டிச் செல்லும் வழி அது. 1812இல் தொடங்கிய பிரித்தானிய அமெரிக்கப் போரின்போது படைக்குப் பொருள் கொண்டுபோகக் காட்டை வெட்டித் திறந்த பாதை. இன்று இருபுறமும் சோளக்கொல்லைகள். பெனட்டாங்குஷீன் என்ற நீண்ட பெயரை ஊரார் 'பெனட்டாங்' என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

1639இல் கட்டிய ஊர்

முதலில் போக வேண்டிய இடம் மிட்லண்ட் நகரின் ஓரத்தில் வை ஆற்றங்கரையில் இருக்கும் சேன்ட் மரி. பிரெஞ்சு இயேசு சபையினர் 1639இல் கட்டிய மறைப்பணி நிலையம் அது. மரவேலி, தேவாலயம், கொல்லன் பட்டறை, தச்சுக் கொட்டகை, மருத்துவமனை, தொழுவம் எல்லாம் உள்ளே. 1648இல் 66 பிரெஞ்சுக்காரர் இங்கே இருந்தார்கள். அந்நாளில் புதிய பிரான்ஸ் என்று அழைக்கப்பட்ட கனேடிய நிலப்பரப்பு முழுவதிலும் இருந்த ஐரோப்பியரில் இது ஐந்தில் ஒரு பங்கு.

கியூபெக்கிலிருந்து அவர்கள் வந்த வழியை நினைத்தால் மலைப்பாக இருக்கும். 1,200 கிலோமீட்டருக்கும் மேல் மரப்பட்டை ஓடம். ஒட்டாவா ஆறு, நிப்பிசிங் ஏரி, பிரெஞ்சு ஆறு, பிறகு ஜோர்ஜியன் வளைகுடா. அருவி வந்த இடமெல்லாம் ஓடத்தையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து காட்டுக்குள் நடக்க வேண்டும். கோழியையும் பன்றிக்குட்டியையும் கன்றுக்குட்டியையும்கூட அந்த ஓடங்களிலேயே கொண்டுவந்தார்கள்.

அவர்கள் வந்து இறங்கியது வெறும் காட்டில் என்று எண்ணிவிடக் கூடாது. அது வெண்டாட் மக்களின் நாடு. பிரெஞ்சுக்காரர் அவர்களை ஹுரோன் என்று அழைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், மரவேலி சூழ்ந்த ஊர்கள், பரந்த சோள வயல்கள். இன்று சேன்ட் மரிக்குள் இருக்கும் நீள்வீட்டில் நுழைந்தால் அந்த வாழ்க்கை கொஞ்சம் புரியும். வளைத்துக் கட்டிய கம்புகள், மேலே மரப்பட்டைக் கூரை, நடுவே வரிசையாக அடுப்புகள், இரு பக்கமும் படுக்கைப் பலகைகள். ஓர் அடுப்பை எதிரெதிரே இருக்கும் இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும். கூரையிலிருந்து சோளக்கதிர்கள் சடைபோலப் பின்னித் தொங்குகின்றன. புகை மணம் சட்டையில் ஏறி வீடு வரை கூடவே வருகிறது.

வெண்டாட் பெண்கள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டார்கள். சோளத்தண்டில் அவரை ஏறும். அவரை மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி ஈரத்தைக் காக்கும். இடித்த சோளத்தில் நீர் ஊற்றி, கிடைத்தால் மீனும் போட்டுக் காய்ச்சிய கஞ்சிதான் அன்றாட உணவு. அதைப் பிரெஞ்சுக்காரர் 'சகாமித்தே' என்று எழுதிவைத்தார்கள். பிரான்சின் சமையலைக் கொண்டுவந்தவர்களும் இங்கே இந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் உயிர் வளர்த்தார்கள்.

வந்தவர்கள் நோயையும் கொண்டுவந்தார்கள். 1634 முதல் 1640 வரை அடுத்தடுத்துப் பரவிய தொற்றுகளிலும் பெரியம்மையிலும் வெண்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டார்கள். 1649 மார்ச் மாதத்தில் வெண்டாட் மக்களின் பகைவரான இரொக்குவா படைகள் பக்கத்து ஊர்களைத் தாக்கின. ழான் தெ பிரெபெஃப், கபிரியேல் லாலமன் ஆகிய குருக்கள் சித்திரவதைப்பட்டு இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் இயேசு சபையினர் தங்கள் கையாலேயே சேன்ட் மரிக்குத் தீ வைத்துவிட்டு, வெண்டாட் மக்களோடு அருகிலிருந்த தீவுக்குப் போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் பஞ்சம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. எஞ்சியவர் பல திசைகளில் சிதறினர். ஒரு பகுதியினர் கியூபெக் போனார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் வெண்டாக்கேயில் வாழ்கிறார்கள்.

இப்போது நாம் காண்பது 1960களில் மீண்டும் கட்டி 1967இல் திறந்த ஊர். தொல்லியல் அகழ்வும், இயேசு சபையினர் ஆண்டுதோறும் பாரிசுக்கு அனுப்பி அச்சிடுவித்த அறிக்கைகளும் துணையாக இருந்தன. உள்ளே சூசையப்பர் தேவாலயத்தின் மண் தரையில் பிரெபெஃபின் கல்லறை இருக்கிறது. 1954இல் தோண்டும்போது கிடைத்தது.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சற்றுத் தெற்கே ஒசோசனே என்ற பழைய வெண்டாட் ஊரின் பொதுப் புதைகுழியைத் தோண்டி, மக்களின் எலும்புகளை 1940களில் ரொறன்ரோ அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1999இல், பல இடங்களிலிருந்தும் வந்து கூடிய வெண்டாட் வழியினரிடம் அவை திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவர்கள் அதே மண்ணில் மறுபடி அடக்கம் செய்தார்கள். முன்னோரின் கல்லறைகளை இழந்த வலி நம்மில் பலருக்குத் தெரியும். இந்தச் செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் திரும்பக் கூடாது.

மதுரையும் இதே நூற்றாண்டும்

சேன்ட் மரியில் நிற்கும் தமிழருக்கு ஒரு நினைவு வராமல் போகாது. இதே இயேசு சபையின் இராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தது 1606இல். பிரெபெஃப் வெண்டாட் நாட்டுக்கு முதலில் வந்தது 1626இல். இருவருக்கும் கொடுக்கப்பட்ட வேலை ஒன்று: மக்களின் மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே மறையைச் சொல்வது. தமிழில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578இல் அச்சானது. பிரெபெஃப் வெண்டாட் மொழியில் பெயர்த்த மறைக்கல்வி 1632இல் பாரிசில் அச்சானது.

அங்கே ஓர் இலக்கியப் பெருமொழி காத்திருந்தது. வீரமாமுனிவர் வந்து காப்பியமே பாடினார். இங்கே மொழியைப் பேசிய மக்களே சிதறிப்போனார்கள். வெண்டாட் மொழியைத் தாய்மொழியாகப் பேசியவர் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தக் குருக்கள் எழுதிவைத்த அகராதிகளையும் இலக்கணக் குறிப்புகளையும் வைத்துத்தான் வெண்டாக்கே மக்கள் இன்று மொழியை மீட்க முயல்கிறார்கள். பேச ஆள் இல்லாவிட்டால் ஒரு மொழி ஏட்டில் மட்டுமே மிஞ்சும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

மலைமேல் இரட்டைக் கோபுரம்

சாலைக்கு எதிர்ப்புறத்தில் மேட்டின்மேல் நிற்பது மறைசாட்சியர் திருத்தலம். 1926இல் எழுந்த இரட்டைக் கோபுரக் கோயில். உள்ளே அண்ணாந்து பார்த்தால் கூரை கவிழ்த்த ஓடம்போல் வளைந்திருக்கும். சுகம் கிடைத்தவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள் அங்கே குவிந்திருக்கின்றன. பிரெபெஃபின் மண்டையோட்டின் ஒரு பகுதியும் திருப்பண்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. 1984 செப்டம்பர் 15 அன்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் இங்கே வந்தார்.

இந்த இடம் தமிழருக்குப் புதிதல்ல. ரொறன்ரோப் பெரும்பாகத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் கோடையில் பேருந்து பேருந்தாக இங்கே யாத்திரை வருகிறார்கள். தமிழில் திருப்பலி, தமிழில் செபமாலை, மர நிழலில் சோற்றுப் பொதி. புல்வெளியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மன்னார்ப் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது மனதில் நிற்கிறது.

"தம்பி, நான் சின்னப் பிள்ளையில மடுவுக்கு மாட்டு வண்டியில போனனான். இப்ப அங்கை போக முழங்கால் விடாது. இஞ்சை காடும் இருக்கு, மாதாவும் இருக்கிறா. எனக்கு இது காணும்."

வந்த நாட்டில் தமக்கென ஒரு புண்ணியத் தலத்தைக் கண்டுகொண்ட அந்த நிறைவு அவர் முகத்தில் இருந்தது. இந்துக் குடும்பங்கள் பலவும் வந்து மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். மடுவிலும் வேளாங்கண்ணியிலும் நடப்பதுதானே.

பெனட்டாங்கில் மதியம்

பசி எடுத்திருக்கும். பத்து நிமிட ஓட்டத்தில் பெனட்டாங். சுமார் 10,000 பேர் வாழும் துறைமுக நகரம். தெற்கு வாசலில் சாலையின் இரு பக்கமும் இரண்டு தேவதூதர் சிலைகள். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இணங்கி வாழ்வதைக் குறிப்பவை. தெருப் பெயர்ப் பலகைகளிலும் நகர மண்டபத்திலும் இரண்டு மொழியும் உண்டு. நீர்க்கரைப் பூங்காவில் பிரெஞ்சு நாடாய்வாளர் ஷம்ப்ளேனும் வெண்டாட் தலைவரும் சந்திக்கும் சிலை, ஷம்ப்ளேன் இங்கே வந்த 1615ஆம் ஆண்டின் நானூறாவது நிறைவுக்காக 2015இல் வைக்கப்பட்டது.

இங்கே உணவு என்பது பாரிஸ் உணவகத்தின் வெள்ளை மேசை விரிப்பு இல்லை. மரம் வெட்டியவர்களும் ஓடம் வலித்தவர்களும் உழுதவர்களும் சாப்பிட்ட சாப்பாடு. குளிரைத் தாங்க வேண்டும், வயிற்றில் நிற்க வேண்டும், கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டும். இந்த மூன்றும்தான் இலக்கணம்.

முதலில் பட்டாணி சூப். காய்ந்த மஞ்சள் பட்டாணியைப் பன்றித்தொடை எலும்போடு மணிக்கணக்கில் வேகவைத்துக் குழைத்தது. அடுத்து தூர்த்தியேர். கொத்திய பன்றி இறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி, கறுவாவும் கராம்பும் சேர்த்து, மாவுக்கூட்டுக்குள் வைத்துச் சுட்ட பண்டம். நத்தார் நள்ளிரவுப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் குடும்பமாகக் கூடி உண்பது இதைத்தான். வெட்டியதும் முதலில் எழுவது கராம்பு மணம். கறுவாவும் கராம்பும் கீழைக் கடல் பக்கமிருந்து கப்பலேறிப் பிரான்சுக்குப் போய், அங்கிருந்து இந்தக் குளிர்தேசத்துக் குடியானவன் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தவை. தூர்த்தியேரைத் தக்காளிச் சட்னி மாதிரியான 'கெட்சப்' ஒன்றோடு தருவார்கள். பழத்துண்டுகளும் காரமும் சேர்ந்த வீட்டுத் தயாரிப்பாக இருந்தால் இன்னும் சுவை.

பிள்ளைகளுக்குப் பூட்டின். 1950களில் கியூபெக்கின் நாட்டுப்புறத்தில் பிறந்த உணவு. பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பால்கட்டித் துண்டுகள். அதன்மேல் கொதிக்கும் குழம்பு. அன்று செய்த பால்கட்டி என்றால் கடிக்கும்போது பல்லில் 'கிறீச்' என்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் கட்டி பழையது. ஜோர்ஜியன் வளைகுடாவின் வெண்மீனையும் பிக்கரல் மீனையும் பொரித்துத் தரும் கடைகள் கரையோரம் உண்டு. மீன் விரும்பும் யாழ்ப்பாணத்து நாக்குக்கு அதுவே போதும்.

சைவச் சாப்பாட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை உண்டு. பட்டாணி சூப்பில் எலும்பு இருக்கும். பூட்டின் குழம்பு பெரும்பாலும் மாட்டு அல்லது கோழி இறைச்சிச் சாற்றில் செய்வது. காளான் குழம்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மாவுப் பண்டங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் உண்டு. மேப்பிள் பாகு ஊற்றிய கிரேப், அவித்த சோளம், பால்கட்டி, பழம் என்று சாப்பிட வேறு வகைகள் தாராளமாக உண்டு.

பள்ளிக்கூடத்துக்காக ஒரு போர்

சாப்பிட்டு முடித்துப் பெரிய தெருவில் நடக்கும்போது பச்சையும் வெள்ளையுமாய் ஒரு கொடி கண்ணில் படும். பச்சையில் வெண்ணிற லில்லி, வெள்ளையில் பச்சை ட்ரில்லியம் பூ. 1975 செப்டம்பர் 25 அன்று சட்பரியில் முதலில் ஏறிய இந்தக் கொடி ஒன்ராறியோவின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மக்களின் அடையாளம்.

இந்த ஊருக்குப் பிரெஞ்சுக் குடிகள் வந்த கதை 1828இல் தொடங்குகிறது. டிரமண்ட் தீவு அமெரிக்காவுக்குப் போய்விட்டதால், அங்கிருந்த பிரித்தானியப் படை பெனட்டாங்குக்கு மாறியது. படையை நம்பிப் பிழைத்த ஓடக்காரரும், பழங்குடிக் கலப்பில் வந்த மெத்தீஸ் குடும்பங்களும் கூடவே வந்தார்கள். அடுத்து வந்தவர்கள் கியூபெக்கின் நிலமில்லாத உழவர்கள்.

எண்ணிக்கையில் சிறியவர்கள், சட்டமும் துணையில்லை. 1912இல் ஒன்ராறியோ அரசு கொண்டுவந்த 17ஆம் ஒழுங்குவிதி, பள்ளியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குமேல் பிரெஞ்சில் கற்பிப்பதைத் தடுத்தது. 1927வரை அது நடைமுறையில் இருந்தது. பிறகும் பெனட்டாங்கில் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளி கிடைக்கவில்லை. 1970களின் இறுதியில் பெற்றோரும் மாணவரும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். கல்வி வாரியம் இசையவில்லை. 1979 செப்டம்பரில் அவர்கள் தாங்களாகவே ஒரு பள்ளியைத் திறந்துவிட்டார்கள். 'எதிர்ப்பின் பள்ளி' என்று அதற்குப் பெயர். ஒன்ராறியோ முழுவதிலுமிருந்து பிரெஞ்சு மக்கள் ஆதரவுக்கு வந்தார்கள். அரசு இறங்கி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் லெ கரோன் உயர்நிலைப் பள்ளி எழுந்தது. 1615 ஓகஸ்ட் 12 அன்று இந்த வட்டாரத்தில் ஒன்ராறியோவின் முதல் திருப்பலியை நிறைவேற்றிய குருவின் பெயர் அது.

1986இல் பிரெஞ்சு மொழிச் சேவைச் சட்டம் வந்தது. போதிய பிரெஞ்சு மக்கள் வாழும் இடங்களில் மாகாண அரசின் சேவையைப் பிரெஞ்சில் பெறலாம் என்பது அதன் சாரம். பெனட்டாங் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மிசிசாகாவும் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிரெடிட் ஆற்றின் முகத்தில் மிசிசாகா பழங்குடியினருக்குப் பிரெஞ்சு வணிகர் கடனுக்குச் சரக்குக் கொடுத்த காலத்திலிருந்தே நம் நகரத்துக்கும் இந்த மொழிக்கும் தொடர்பு உண்டு.

ஓநாய் ஒற்றுமைப்படுத்திய ஊர்

பெனட்டாங்கிலிருந்து மேற்கே கால்மணி நேரம் ஓடினால் லஃபொன்டேன். கடைத்தெரு என்று பெரிதாக எதுவுமில்லை. ஊர் நடுவே திருச்சிலுவைக் கோயிலின் கூம்பு. எந்த வயலிலிருந்து பார்த்தாலும் தெரியும். மணல் கலந்த மண்ணில் உருளைக்கிழங்கு செழிக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் மர்ஷில்டன், புருனெல், டெரோஷ் என்று அதே சில குடும்பப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக.

இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. மெத்தீஸ் மக்கள் ஒருபுறம், கியூபெக்கின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வந்த உழவர்கள் மறுபுறம் என்று ஊர் பிரிந்து கிடந்தது. ஒரே கோயில், ஒரே மொழி, ஆனால் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. 1900களின் தொடக்கத்தில் ஓர் ஓநாய் வந்தது. மந்தை மந்தையாக ஆடுகளைக் கொன்றது. தனித்தனியே துரத்தியவர்களால் பிடிக்க முடியவில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து காவல் இருந்தார்கள், சேர்ந்து செபித்தார்கள், சேர்ந்து வேட்டைக்குப் போனார்கள். ஓநாய் வீழ்ந்தபோது ஊர் ஒன்றாகியிருந்தது. ஊர்ப் பாதிரியார் தோமஸ் மர்ஷில்டன் 1955இல் இதை நூலாக எழுதினார். இன்று ஜூலை மாதத்தில் 'ஓநாய் விழா' என்று பாட்டும் பிடிலும் சாப்பாடுமாக ஊரே கொண்டாடுகிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் கட்சி என்று பிரிந்து நிற்கும் நாம் படிக்க வேண்டிய கதை இது.

சாலையோரத் தோட்டக் கடை ஒன்றில் நிறுத்தினோம். ஜூனில் ஸ்ட்ரோபெரி, ஓகஸ்டில் சோளம், பிறகு உருளைக்கிழங்கும் பூசணியும். என்னோடு வந்த மருமகள் பத்து வயதுக்காரி. தயங்கித் தயங்கிப் பிரெஞ்சில் விலை கேட்டாள். கடைக்காரப் பாட்டி கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, மெதுவாக, சொல் சொல்லாகப் பதில் சொன்னார். எண்ணிக்கை, காசு, ஊர், பெயர் என்று பேச்சு நீண்டது. பிள்ளை தப்பாகச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. சரியான சொல்லை ஒரு தடவை சொல்லிக்காட்டிவிட்டுத் தொடர்ந்தார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது அன்று அவளுக்கு மனிதரோடு பேசும் பேச்சாக மாறியது. கடைசியில் பாட்டி அவளிடம் கேட்ட கேள்வி: "வீட்டில் என்ன பேசுவீர்கள்?" தமிழ் என்றாள். "விட்டுவிடாதே" என்றார் அவர், பிரெஞ்சில்.

மரத்தில் வடியும் இனிப்பு

இந்தத் தோட்ட வீடுகளில் வாங்கவேண்டிய பொருள் மேப்பிள் பாகு. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலும் மாறிமாறி வரும்போது மரத்துக்குள் நீர் ஏறி இறங்கும். பட்டையில் சிறு துளையிட்டுக் குழாய் செருகினால் சொட்டுச் சொட்டாக வடியும். பார்க்கப் பச்சைத் தண்ணீர். குடித்தால் மெல்லிய இனிப்பு. நாற்பது லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாகு. பனையில் இறக்கிய பதநீரைத் தாச்சியில் ஊற்றிப் பனங்கட்டி காய்ச்சிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கொட்டகை அந்நியமாகத் தோன்றாது. அதே விறகுப் புகை, அதே நுரை, பதம் பார்க்க அதே கண். காய்ச்சும் கலையைப் பழங்குடியினரிடமிருந்துதான் பிரெஞ்சுக்காரர் கற்றார்கள். கொதிக்கும் பாகை வெண்பனிமேல் ஊற்றி, குச்சியில் சுருட்டி உண்பது பிள்ளைகளுக்குத் திருவிழா. வசந்தத்தில் வந்தால், அருகிலுள்ள எல்ம்வேலில் ஏப்ரலில் நடக்கும் மேப்பிள் பாகு விழாவையும் பார்க்கலாம்.

மாலையை அவெண்டா மாகாணப் பூங்காவின் கரையில் கழிக்கலாம். கூழாங்கல் கரை, தெளிந்த நீர், எதிரே தீவுகள். அலைகடலில் குளித்து வளர்ந்தவருக்கு உப்பில்லாத இந்தக் கடல் புதுமையாக இருக்கும். குளித்து முடித்துப் பெனட்டாங்குக்கோ மிட்லண்டுக்கோ திரும்பி இரவுச் சாப்பாடு. இனிப்புக்குச் சர்க்கரை டார்ட் அல்லது பட்டர் டார்ட். பட்டர் டார்ட்டின் அச்சிலேறிய மிகப் பழைய செய்முறை 1900இல் பாரி மருத்துவமனை மகளிர் குழு வெளியிட்ட சமையல் நூலில் இருக்கிறது. மிட்லண்டில் ஜூன் மாதம் இதற்கென்றே ஒரு விழா எடுக்கிறார்கள்.

போகுமுன் கவனிக்க

சேன்ட் மரியும் திருத்தலமும் பெரும்பாலும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை திறந்திருக்கும். நாளையும் நேரத்தையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்தில் சேன்ட் மரியில் ஆயிரக்கணக்கான மெழுகுதிரி ஏற்றும் 'முதல் ஒளி' நிகழ்ச்சி நடக்கும். அவெண்டாவுக்கு வாகன அனுமதியை இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் ஏமாற வேண்டாம். லஃபொன்டேனைச் சுற்றிய கரைகளில் வாகன நிறுத்தம் பெரும்பாலும் உள்ளூர்க்காரருக்கே; தண்டம் கட்டாமல் இருக்கப் பூங்காவே மேல். தோட்டக் கடைகளுக்குக் காசாகக் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். முதியவர்களுக்குச் சேன்ட் மரியின் மண் தரையில் நடக்க நல்ல காலணி வேண்டும்.

நாம் கொண்டுவர வேண்டியது

இந்த ஊர்கள் பிரெஞ்சைக் காப்பாற்றியது எப்படி என்று பார்த்தால் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. வீட்டில் பேசினார்கள். கோயிலில் பாடினார்கள். பள்ளிக்கூடம் கேட்டார்கள், தராதபோது தாங்களே திறந்தார்கள். ஊர்க்கதையை எழுதினார்கள், அதற்கு ஆண்டுதோறும் விழா எடுத்தார்கள். பாட்டி செய்த தூர்த்தியேரைப் பேரப்பிள்ளை செய்கிறாள். இருந்தும் அவர்களுக்கும் கவலை உண்டு. இளையவர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போகிறார்கள், ஆங்கிலத்தில் மணம் முடிக்கிறார்கள், வீட்டு மொழி மாறுகிறது. அரச மொழி என்ற தகுதி உள்ள பிரெஞ்சுக்கே இந்த நிலை என்றால், அந்தத் தகுதி இல்லாத நமக்கு இன்னும் எவ்வளவு உழைப்பு வேண்டும்!

நமக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் இருக்கின்றன. ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஒன்ராறியோ 2014இல் ஏற்றது. கனேடிய நாடாளுமன்றம் 2016இல் ஏற்றது. இவை பெரிய வெற்றிகள். ஆனால் வகுப்பறைக்கு வெளியே, பிள்ளை தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் திருத்திவிட்டுப் பேச்சைத் தொடரும் பெரியவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்? லஃபொன்டேன் நம்மிடம் கேட்பது இதைத்தான்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமையை இந்தப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் தாத்தா பாட்டியையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். தோட்டக் கடையில் பிள்ளையைப் பிரெஞ்சில் பேசவிடுங்கள். திரும்பி வரும் இரண்டு மணி நேரமும் வண்டிக்குள் தமிழில் மட்டும் பேசுங்கள்.